பக்கி வண்டியின் முன்சக்கரம்: 23 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

கேள்வி (6 ஜனவரி 2024)

வீட்டிலேயே ஆஃப் ரோடு பக்கி கட்டுகிறேன். பழைய மாருதி 800 ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் பல்தண்டு), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் துண்டு) இரண்டும் கையில் இருக்கின்றன. முன்பக்கம் மேலும் கீழும் ஏ ஆர்ம் (நக்கிளைப் பிரேமோடு இணைத்து, சக்கரம் ஏறி இறங்க விடும் கை) போடப்போகிறேன். ரேக்கை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பிடித்தால் போதும், டை ராடை (ரேக்கையும் நக்கிளையும் இணைக்கும் கம்பி) அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். சரியா?

7 ஜனவரி

நானும் அதே சாமான்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. உடன்குடிப் பக்கம் எங்கள் பனங்காட்டுக்குள் ஓட்டத்தான் வண்டி. ரோட்டுக்குப் போகாது, பதிவும் கிடையாது. எஞ்சின் பின்னால். வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே) 1800 மி.மீ. கிங்பின்னுக்குக் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) 1100. ஏ ஆர்ம் மேலும் கீழும் 350, இரண்டும் இணையாக. பிரேமில் ஏ ஆர்ம் மாட்டும் இடங்களுக்கு நடுவே 400.

மாருதி நக்கிளில் மேல் பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் ஆடும் குண்டு மூட்டு) கிடையாது. ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) பிடிக்கிற இரண்டு போல்ட் துளைதான் இருக்கும். அந்தத் துளையிலேயே 8 மி.மீ. தகட்டில் ஒரு கொக்கி செய்து மாட்டி, அதில் பால் ஜாயிண்ட்டை உட்கார வைத்தேன். நக்கிள் மேல் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். வார்ப்பு இரும்பில் வெல்டிங் ஓரம் விரிசல் விடும். அது விடும்போது சக்கரம் உங்களைக் கேட்டுவிட்டுக் கழலாது.

உங்கள் மெக்கானிக் சொல்வது கிட்டத்தட்ட சரி. ஆக்கர்மனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுவதெல்லாம் நெடுஞ்சாலை கார்களின் தலைவலி. நம் வேகத்துக்கு ஒன்றும் தெரியாது.

(இந்தக் கடைசி இரண்டு வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஏப்ரலில் எழுதியதைப் பாருங்கள்.)

7 ஜனவரி, இரவு

ஆக்கர்மன் பற்றிக் கேட்டதால். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கம் பெரிய வட்டம். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒன்று இழுபடும். என் அளவுக்குக் கணக்குப் போட்டால், உள் சக்கரம் 35 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் 26 டிகிரி திரும்ப வேண்டும். வெளிச் சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 4.1 மீட்டர். இரண்டு பனைக்கு நடுவே திரும்பிவிடலாம்.

சுலப வழி: நக்கிளிலிருந்து பின்னால் நீட்டும் ஸ்டியரிங் ஆர்ம், பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளியைப் பார்த்திருக்க வேண்டும். 100 மி.மீ. ஆர்முக்கு டை ராட் துளை கிங்பின் கோட்டிலிருந்து 30 மி.மீ. உள்ளே தள்ளி வரும். ஷெட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தேன். கம்ப்யூட்டரில் வரைந்ததைவிட அதில்தான் புரிந்தது. ஒரே குறை, கோழி நடந்து அழித்துவிட்டது.

9 ஜனவரி

சின்ன இடைச்செருகல். ஆக்கர்மன் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் மியூனிக்கில் வண்டி கட்டிக்கொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் ஆக்கர்மன். பெயர் வாங்கிக் கொடுத்தவருக்கே போய்விட்டது. அதுவும் குதிரை வண்டிக்கு.

16 ஜனவரி

பொங்கல் லீவில் நடந்த கூத்து. ரேக்கைப் பின்னால் வைத்தால் பிரேக் பெடல் மேல் கால் மோதுகிறது. அதனால் ரேக்கை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுபோனேன். டை ராட் முன்னால் வர வேண்டுமே, அதற்கு இடது நக்கிளை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினேன். அழகாக உட்கார்ந்தது. பெருமையாக மருமகனை ஏற்றி உட்கார வைத்து, "வலது பக்கம் திருப்புடா" என்றேன்.

"மாமா, வலது பக்கம் திருப்பினா இடது பக்கம் போவுது."

ரேக் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும்போது இடது பக்கம் திரும்ப அது வலது பக்கம் நகர வேண்டும். முன்னால் வந்துவிட்டால் இடது பக்கம் நகர வேண்டும். அதே ரேக், அதே பினியன் (ரேக்கை நகர்த்தும் பல்சக்கரம்) என்றால் எல்லாம் தலைகீழ். எஸ்.எஸ்.எல்.சி. பையன் சொல்லக்கூடிய விஷயம். சொன்னவனும் எஸ்.எஸ்.எல்.சி. பையன்தான்.

20 ஜனவரி

ரேக்கைக் குப்புறக் கவிழ்த்தால் திசை சரியாகிவிடும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் அதோடு இன்னொரு கோளாறும் உள்ளே ஒளிந்திருந்தது. பின்னால் பார்த்த ஆர்ம் உள்பக்கம் சாய்ந்திருந்தது இல்லையா, அதே சாய்வோடு முன்னால் வந்துவிட்டது. முன்னால் வரும்போது அது வெளிப்பக்கம் சாய வேண்டும். இப்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்புகிறது. வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். உள்பக்க டயர் செம்மண்ணை ஒரு கலப்பை மாதிரி ஒதுக்கிக்கொண்டு போனது.

வெளிப்பக்கம் சாய்த்து வைக்கலாம் என்றால் அங்கே டிஸ்க் இருக்கிறது. இடமே இல்லை. பழையபடி பின்னாலேயே கொண்டுவந்துவிட்டேன். பெடலுக்காகப் பிரேமை 120 மி.மீ. நீட்டினேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

4 பிப்ரவரி

ஸ்பிரிங் கணக்கு. ஆளோடு வண்டி 480 கிலோ. முன்னால் 40 சதவீதம் என்று வைத்தால் 192, ஒரு பக்கத்துக்கு 96. சக்கரம், ஹப், நக்கிள் 22 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 74 கிலோ. ஆள் ஏறினால் 70 மி.மீ. அமுங்கட்டும் என்று எடுத்தால் சக்கரத்தில் மி.மீ.க்கு 1.06 கிலோ தேவை. ஷாக், ஏ ஆர்மின் 60 சதவீத தூரத்தில் பிடிக்கிறது. 1.06-ஐ 0.6-ஆல் வகுத்தால் சுமார் 1.8. பழைய பைக் ஷாக்கில் ஏறக்குறைய அதே ஸ்பிரிங் கிடைத்தது, மாட்டிவிட்டேன்.

18 பிப்ரவரி

மேலே உள்ளது தப்பு. யாரும் பின்பற்றாதீர்கள். ஆள் ஏறியதும் முன்பக்கம் 115 மி.மீ. உட்கார்ந்தது. மொத்த ஓட்டமே 200.

0.6-ஐ ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கணக்கில் எடுக்க வேண்டும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் 6 மி.மீ.தான் அமுங்குகிறது, அது ஒரு குறைவு. அந்த ஷாக் தரும் பலமும் ஆர்மின் நடுவில் விழுவதால் சக்கரத்துக்கு 0.6 பங்குதான் போய்ச் சேருகிறது. அது இன்னொரு குறைவு. ஆக 0.36. 1.06-ஐ 0.36-ஆல் வகுத்தால் 2.9. ஷாக் சாய்ந்திருந்தால் இன்னும் கூடும்.

ஏரலில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் சொன்னபோது, "ஏத்தத்துல குத்துக்கால் பக்கம் நின்னு மிதிச்சா தண்ணி ஏறுமாவே?" என்றார். கணக்கு அவ்வளவுதான். டிசம்பர் வெள்ளத்தில் அவர் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. லேத் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்திருக்கிறார். அது வரும்வரை எனக்கும் வேலை இல்லை.

3 மார்ச்

முதல் ஓட்டம். 2.9 ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. ஸ்டியரிங் சரியாக இல்லை. திருப்பிவிட்டுக் கையை விட்டால் திரும்பிய இடத்திலேயே நிற்கிறது. நேராகப் போகும்போது நெளிகிறது. டோ பார்த்தேன், 2 மி.மீ. உள்ளே. நியாயமான அளவுதான்.

10 மார்ச்

கையை விட்டால் நிற்பதற்குக் காரணம் காஸ்டர் (கிங்பின் கோடு பின்பக்கமாகச் சாயும் கோணம்). நான் வைத்தது பூஜ்யம். வைத்தேன் என்பதைவிட மறந்தேன் என்பதுதான் சரி. மேல் பால் ஜாயிண்ட்டைப் பின்னால் தள்ளி 6 டிகிரி கொண்டுவந்தேன். என் டயரின் ஆரம் 280. கிங்பின் கோடு தரையைத் தொடும் இடம் இப்போது டயர் தொடும் இடத்துக்கு 29 மி.மீ. முன்னால் இருக்கிறது. கையை விட்டால் தானாக நேராகிறது. மளிகைக் கடைத் தள்ளுவண்டிச் சக்கரம் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருவதுபோல.

ஒருவர் 10, 12 டிகிரி வைக்கச் சொன்னார். 9 வரை போய்ப் பார்த்தேன். தேரி மண்ணில் (எங்கள் பக்கத்துச் செம்மணல்) முன்சக்கரம் புதையும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. 6-க்கே திரும்பிவிட்டேன். ஆனால் நெளிவு போகவில்லை.

24 மார்ச்

வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, ஒரு கையால் தட்டுகிறேன். எழுத்துப்பிழைக்கு மன்னிக்கவும்.

பார்க்க அகலமாக இருக்கட்டும் என்று சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போட்டிருந்தேன். கிங்பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் நடுவுக்கும் 85 மி.மீ. வந்துவிட்டது. வடலிக்குள் மறைந்திருந்த ஒரு பனங்கட்டையில் வலது சக்கரம் மோதியது. அந்த 85 மி.மீ. நெம்புகோலாக வேலை செய்து ஸ்டியரிங்கைச் சுழற்றிவிட்டது. கட்டைவிரல் ஸ்போக்குக்கு உள்ளே இருந்தது.

பழைய ரிம்மையே திரும்பப் போட்டுவிட்டேன். காட்டில் ஓட்டுகிறவர்கள் கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வைப்பார்கள். அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னதும் இதுதான். நாற்பது வருஷம் கழித்து எனக்குக் காதில் ஏறியிருக்கிறது.

7 ஏப்ரல்

ஜனவரி 7 அன்று டோ மாறுவது நமக்குத் தெரியாது என்று எழுதினேன். எழுதியவன் முட்டாள்.

இன்று காலையில் உடை மர நிழலில் வண்டியை நிறுத்தினேன். அலைன்மெண்ட் கடைக்கெல்லாம் இதை ஓட்டிப்போக முடியாது. பிரேமைக் கட்டைகள் மேல் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமமாக்கினேன். இடது பக்க ஷாக்கைக் கழற்றிவிட்டேன். இப்போது சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் ஆட்டலாம். ஸ்டியரிங்கைக் கயிற்றால் நேராகக் கட்டியாயிற்று. சக்கரத்துக்குப் பக்கத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு நூல், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக. டயரின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் மேஸ்திரியிடம் வாங்கிய தூக்குக்குண்டு. ஜாக்கியால் 20, 20 மி.மீ.யாகத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் நூலுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, சக்கரம் மொத்தமாக உள்ளே போவதைக் கழித்துக்கொண்டு எழுதினேன்.

20-இல் ஒன்றுமே இல்லை மாதிரி. 60-இல் 8 மி.மீ. 100-இல் டயரின் முன் விளிம்பு 23 மி.மீ. வெளியே திரும்பிவிட்டது. கீழே தொங்கவிட்டாலும் அதே திசைதான், வெளியே. கிட்டத்தட்ட 5 டிகிரி. நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இடது சக்கரம் ஒரு வேரில் ஏறினால் அது தானாக இடது பக்கம் போக முடிவுசெய்கிறது. ஒரு மாதமாக மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

8 ஏப்ரல்

ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஏ ஆர்ம் 350. அதன் நுனி 100 மி.மீ. ஏறினால் வில்லாகப் போவதால் 14.6 மி.மீ. உள்ளே வரும். டை ராட் 230. அதன் நுனி அதே 100 ஏறினால் 22.9 உள்ளே வரும். வித்தியாசம் 8.3. ஸ்டியரிங் ஆர்ம் 100 மி.மீ., டயர் ஆரம் 280, ஆக டயர் விளிம்பில் அது 2.8 மடங்காகி 23. தூக்குக்குண்டு பொய் சொல்லவில்லை.

டை ராட் ஏன் 230 ஆனது? ரேக்கின் உள் ஜாயிண்ட்டுகளுக்கு நடுவே 580 மி.மீ. மிச்ச இடத்துக்கு ஏற்ற மாதிரி டை ராடை வெட்டினேன். "அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்."

என் ஏ ஆர்ம்கள் இணையாகவும் ஒரே நீளமாகவும் இருப்பதால் விதி சுலபம்: டை ராடும் அவற்றுக்கு இணையாக, அதே நீளமாக இருக்க வேண்டும். வெளித் துளைகள் 1040-இல் இருக்கின்றன. இரண்டு 350-ஐக் கழித்தால் உள் ஜாயிண்ட்டுகள் 340-இல் வர வேண்டும். என்னிடம் இருப்பது 580.

14 ஏப்ரல்

வழிகள். ரேக்கின் கூட்டை நடுவில் அறுத்துச் சின்னதாக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பினியன் ஒரு பக்கம்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் கைவைக்க முடியாது; மற்ற பக்கம் குறைத்தால் இடது வலது ஒன்றாக வராது. அறுத்து ஒட்டிய ரேக்கை நம்பி நான் ஏற மாட்டேன்.

ஏ ஆர்மையே 230-ஆகக் குறைக்கலாம். அப்போது 100 மி.மீ. ஏற்றத்துக்கு ஆர்ம் 26 டிகிரி சாய்கிறது. பால் ஜாயிண்ட் அவ்வளவு வளையாது.

மோட்டார் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் இருந்த அண்ணாச்சி சொன்னது மூன்றாவது. ரேக்கின் இரண்டு நுனியையும் ஒரு பட்டையால் இணைத்துவிடு, பட்டை ரேக்கோடு சேர்ந்து இடவலமாக நகரும், அந்தப் பட்டையில் உனக்கு வேண்டிய 340-இல் டை ராடைப் பிடி. ரேக்குக்குப் பின்னால், அதே உயரத்தில். கேட்ட நிமிஷமே இதுதான் என்று பட்டது. பிறகு தேடினால் பக்கி கட்டுகிறவர்கள் பல நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். அண்ணாச்சி எதையும் தேடவில்லை.

21 ஏப்ரல்

பட்டை தயாராக நேரமெடுக்கிறது, அதற்குள் கொஞ்சம் கதை. 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மெயர்ஸ் செய்த மான்க்ஸ் பக்கிக்கு இந்தத் தலைவலி அவ்வளவு இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முன்பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அதில் ஆர்ம்கள் பக்கவாட்டில் நீட்டாமல் பின்பக்கமாக நீட்டும், உள்ளே முறுக்குப் பட்டைகள்தான் ஸ்பிரிங். சக்கரம் ஏறும்போது கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறாது, இரண்டு சக்கரத்துக்கு நடுவிலான தூரமும் மாறாது. 1967-இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தில் அந்த மாதிரி வண்டிதான் 27 மணி 38 நிமிடத்தில் முதலில் வந்தது. நம் ஊரில் பீட்டில் முன்பக்கம் கிடைத்தால் அதைப் பக்கிக்கு யார் தரப்போகிறார்கள்? வரவேற்பறையில் வைப்பார்கள்.

2 மே

பட்டை மாட்டினேன். 8 மி.மீ. தடிமன் போதும் என்றது நான்தான், அண்ணாச்சி இல்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பட்டை வில்லாக வளைந்துவிட்டு அப்புறம்தான் சக்கரம் திரும்புகிறது. கண்ணாலேயே தெரிகிறது. மருமகன் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

19 மே

பட்டை இப்போது 16 மி.மீ. ரேக் நுனிகளில் 12 மி.மீ. போல்ட், தலையில் 10.9 (பலத்தின் தரம்) என்று எழுதியது. டை ராட் நுனிகளை இரண்டு தகட்டுக்கு நடுவே பிடித்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் போல்ட் வளையும்.

அதே மரம், அதே நூல், அதே தூக்குக்குண்டு. 100 மி.மீ. ஏற்றினால் 2 மி.மீ. இறக்கினாலும் 2. டை ராட் 335 வந்துவிட்டது, அதனால்தான் இந்த மிச்சம். விட்டுவிட்டேன்.

மாலையில் அதே பனங்கட்டை வழியாகப் போனேன். நெளிவு இல்லை. வேண்டுமென்றே வேர்களின் மேல் ஏற்றினேன். வண்டி குதிக்கிறது, திசை மாறவில்லை. முன்பு ஓட்டும்போது கை எப்போதும் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அது இன்று சும்மா இருந்தபோதுதான் தெரிந்தது.

20 மே

தம்பி, உங்கள் படத்தைப் பார்த்தேன். உங்கள் மேல் ஆர்ம் 260, கீழ் ஆர்ம் 340, இணையாகவும் இல்லை. அதனால் என் 350 விதி உங்களுக்குப் பொருந்தாது. மேல் ஆர்ம் கோட்டையும் கீழ் ஆர்ம் கோட்டையும் உள்பக்கமாக நீட்டுங்கள், ஓரிடத்தில் சந்திக்கும். டை ராட் கோடும் அதே புள்ளியைப் பார்க்க வேண்டும். உள் ஜாயிண்ட், மேல் ஆர்ம் மாட்டும் இடத்தையும் கீழ் ஆர்ம் மாட்டும் இடத்தையும் சேர்க்கும் கோட்டின் மேல் வர வேண்டும். வெளி ஜாயிண்ட்டும் அதேபோல இரண்டு பால் ஜாயிண்ட்டைச் சேர்க்கும் கோட்டின் அருகே. தொடக்கத்துக்கு அது போதும், மிச்சத்தை ரேக்கை மேலே கீழே வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். அதனால் ரேக் பிராக்கெட்டை இப்போதே முழுசாக வெல்டிங் செய்துவிடாதீர்கள். நாலு பொட்டு மட்டும்.

ஸ்டியரிங் ராடில் ஒரே ஒரு கிராஸ் ஜாயிண்ட் (சாய்வாகச் சேரும் இரண்டு ராடுகளை இணைக்கும் சிலுவை மூட்டு) 30 டிகிரி வளைவில் போட்டிருக்கிறீர்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் 0.87-க்கும் 1.15-க்கும் நடுவே ஏறி இறங்கும்; கைக்கு ஒரு இடத்தில் இலகு, ஒரு இடத்தில் கனம். இரண்டு ஜாயிண்ட்டாகப் பிரியுங்கள், வளைவைப் பாதி பாதியாக. நடு ராடின் இரண்டு கவைகளும் ஒரே வாக்கில் இருக்கட்டும்.

2 ஜூன்

ஆக்கர்மனுக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். 35-க்கு 26 வர வேண்டியது 28 வருகிறது. பட்டை போட்டதில் கொஞ்சம் மாறிவிட்டது. மண்ணில் அந்த 2 டிகிரி எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் அதற்காக மூன்று நாள் தரையில் வரைந்தேன், கோழியோடு சண்டை போட்டேன்.

இடது கீழ் பால் ஜாயிண்ட் முனகுகிறது. தேரி மண் ரப்பர் உறைக்குள் போய்விட்டது, கழற்றினால் கிரீஸ் குங்குமம் மாதிரி இருக்கிறது. உறைக்கு மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். ஒரு மாதம் தாங்குகிறதா பார்க்கிறேன்.